செடித் தொட்டிக்கு அடிமண்: தேர்ந்தெடுப்பதிலிருந்து நட்டு முடிப்பது வரை

சென்னை கொளத்தூரில் இரண்டடித் தொட்டி ஒன்றை விலை பேசி முடித்தால், பெரும்பாலும் அடுத்த கேள்வி "என்ன கலர் கல் போடட்டும்?" என்பதாக இருக்கும். நீலம், ரோஸ், இருட்டில் மினுங்கும் பச்சை. மீன் மட்டும் வளர்ப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதே கல்லில் செடி நட்டவருக்கு மூன்றாவது வாரம் விஷயம் புரியும். இலை கண்ணாடி போல வெளுத்து ஓட்டை விழும். வேரைப் பிடித்து இழுத்தால் சும்மா கையோடு வந்துவிடும்.

விளக்கு சரியில்லை என்றால் மாற்றலாம். ஃபில்டர் போதவில்லை என்றால் இன்னொன்று வாங்கலாம். அடியில் போட்ட மண்ணை மாற்ற வேண்டுமென்றால் மீனைப் பிடித்து, செடியைப் பிடுங்கி, தண்ணீரை இறைத்து, தொட்டியையே காலி செய்ய வேண்டும். அதனால்தான் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கடையில் 'சப்ஸ்ட்ரேட்' என்பார்கள். நான் அடிமண் என்றே சொல்கிறேன், மணலோ கல்லோ மண்ணோ எதுவானாலும்.

கணக்கு எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டியை எடுத்துக்கொள்கிறேன்: 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். நம் ஊரில் அதிகம் விற்கும் இரண்டடித் தொட்டி ஏறக்குறைய இதுதான்.

முதலில் செடியை முடிவு செய்யுங்கள்

எந்த மண் நல்லது என்று கேட்பதற்கு முன், எந்தச் செடி என்று முடிவாக வேண்டும். எல்லாச் செடியும் ஒரே இடத்திலிருந்து சாப்பிடுவதில்லை.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பூசெபலாண்ட்ரா ஆகியவற்றுக்கு மண்ணே வேண்டாம். இஞ்சி மாதிரி படுத்துக்கிடக்கும் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அது அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் போதும். உங்கள் பட்டியலில் இவையும் பாசியும் மட்டும்தான் என்றால், இரண்டு செ.மீ. சுத்தமான மணலை அழகுக்குப் பரப்பிவிட்டு இந்தக் கட்டுரையைப் பாதியில் மூடிவிடலாம்.

அடுத்தது தண்டுச் செடிகள்: ரோட்டாலா, லுட்விஜியா, ஹைக்ரோஃபிலா. நம் வயல் ஓரங்களில் முள்ளோடு நிற்கும் நீர்முள்ளியும் ஹைக்ரோஃபிலா வகையில் சேர்ந்ததுதான். இவை வேரிலும் எடுக்கும், இலை வழியாகத் தண்ணீரிலிருந்தும் எடுக்கும். திரவ உரம் ஒழுங்காகப் போட்டால் வெறும் மணலிலும் வளரும்.

மண்ணை உண்மையாகக் கேட்பவை மூன்றாவது வகை. கிரிப்டோகோரைன், அமேசான் சுவார்ட், வாலிஸ்னேரியா, கிழங்கிலிருந்து முளைக்கும் அப்போனோகெட்டான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கிரிப்ட் வென்டி இலங்கையின் ஓடைகளுக்கே உரிய செடி. கொட்டிக்கிழங்கு என்று நாம் சொல்வது அப்போனோகெட்டான் வகையில் ஒன்று. குளம் வற்றினாலும் சேற்றுக்குள் கிழங்காகக் கிடந்து அடுத்த மழைக்குத் தளிர்க்கும். இந்த வகைச் செடிகள் வேரை ஆழமாக விட்டு, அங்கிருந்தே சாப்பிடும். இவற்றுக்கு வேர் பரவ ஆழமும், வேர் பக்கத்தில் உணவும் வேண்டும்.

உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது?

இணையத்தில் பார்க்கும் அழகான தொட்டிகளில் பெரும்பாலானவை மென்மையான தண்ணீரில் வளர்பவை. நம் வீட்டு போர் தண்ணீர் அப்படி இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் மண் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி.

பார்க்க வேண்டியது கேஎச், அதாவது கார்பனேட் கடினத்தன்மை. பிஎச் கீழே இறங்காமல் பிடித்து வைத்திருப்பது இதுதான். சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பார்க்கும் சின்ன டெஸ்ட் கிட் கடைகளில் கிடைக்கும். வீட்டில் ஏற்கெனவே போர் தண்ணீருக்கு லேப் ரிப்போர்ட் இருந்தால் அதில் 'மொத்தக் காரத்தன்மை' என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணை 17.9 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கேஎச் கிடைத்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐஎஸ் 10500 காரத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லையென்றால் 600 வரை அனுமதிக்கிறது. கேஎச் கணக்கில் 11, 33. ஆக, மனிதர் குடிக்கத் தகுதியான தண்ணீரிலேயே இவ்வளவு வித்தியாசம் வரலாம். டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதே என்பீர்கள். அது கரைந்திருப்பதன் மொத்தத்தைத்தான் காட்டும்; அதில் உப்பு எவ்வளவு, கார்பனேட் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

கேஎச் 4, 5க்குள் இருந்தால் எந்த அடிமண்ணும் உங்களுக்குச் சரிவரும். 8க்கு மேல் போனால், செடித் தொட்டிக்கென்றே செய்து விற்கும் விலை கூடிய மண் உருண்டையான அக்வா சாயில் பக்கம் போவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

என்னென்ன கிடைக்கும், எதை வாங்கலாம்

கலர் கல்லை முதலில் ஒதுக்கிவிடலாம். பெரும்பாலும் பெரிய கல். இடைவெளியில் வேர் பிடிக்காது. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அந்த இடைவெளிகளில் இறங்கி அழுகும். மட்டமான சாயம் நாளடைவில் உரியும்.

ஆற்று மணல் இருந்தால் நல்லதுதான். தண்ணீர் உருட்டி உருட்டி மழுங்கிய மணி. மீனின் மீசையைக் கிழிக்காது. வீடு கட்டி முடித்த யாரிடமாவது மிச்சம் இருந்தால் அரைச் சாக்கு கேட்டு வாங்குங்கள். கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்பைக் கழுவி எடுத்துவிடலாம், சிப்பித் தூளை எடுக்க முடியாது. அது மெல்லக் கரைந்து கேஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

எம்-சாண்ட் இன்று எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. பெரும்பாலும் கருங்கல்லை உடைத்துச் செய்தது, ஆகவே சுண்ணாம்புப் பிரச்சினை குறைவு. ஆனால் இரண்டு குறை: மாவு போன்ற தூசி ஏராளம், மணிகள் கூர்மை. கோரிடோராஸ் போல மணலை மோந்து மோந்து மேயும் மீன் வளர்க்கப் போகிறீர்கள் என்றால் எம்-சாண்ட் வேண்டாம். டெட்ரா, கப்பி, ராஸ்போரா மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம். பூச்சு வேலைக்கென்று விற்கும் பி-சாண்ட் ரொம்ப மெலிசு. இறுகிப்போய் அடியில் காற்றே இல்லாமல் செய்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது ஃபில்டர் மணல். நீச்சல் குளத்துக்கும், போர் தண்ணீர் வடிகட்டும் பெரிய சிலிண்டருக்கும் போடும் சிலிக்கா மணல். அளவு வாரியாகச் சலித்து, தூசி குறைவாக, மூட்டையாக வரும். தண்ணீர் சுத்திகரிப்புச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு மி.மீ. வரை உள்ள மணி செடிக்கு மிகப் பொருத்தம். என் வீட்டில் இப்போது ஓடும் இரண்டு தொட்டியிலும் இதுதான்.

மணல் எதுவானாலும் அதில் சத்து இல்லை என்பதை மறக்க வேண்டாம். அது வேருக்குப் பிடிமானம், அவ்வளவுதான். உணவை நாம் ரூட் டேப் ஆகவோ (வேர்ப்பக்கம் புதைக்கும் உர மாத்திரை), அடியில் மண்ணாகவோ வைக்க வேண்டும்.

சரி, அக்வா சாயில். ஜப்பானில் தகாஷி அமானோ 1982இல் தொடங்கிய ஏடிஏ நிறுவனம் பெயர் வாங்கிக்கொடுத்த வகை. இப்போது பல பிராண்டுகள் வந்துவிட்டன. இயற்கை மண்ணை உருண்டையாக்கிச் சூடேற்றி இறுக்கியது. களிமண்ணின் தன்மை அதில் இருப்பதால் அம்மோனியம், பொட்டாசியம், இரும்பு போன்றவற்றைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு வேர் கேட்கும்போது விடும். தண்ணீரின் கார்பனேட்டை இழுத்துக்கொண்டு பிஎச்சை ஏழுக்குக் கீழே, பெரும்பாலும் ஆறரைப் பக்கம், இறக்கும். செடிகள் இதில் வளரும் வேகத்தைப் பார்த்தால் காசு கொடுத்தது தப்பில்லை என்று தோன்றும்.

நானும் ஒரு 9 லிட்டர் மூட்டை வாங்கினேன். போர் தண்ணீர், கேஎச் 12. முதல் மாதம் பிஎச் அழகாக இறங்கி நின்றது. வாரா வாரம் கால் தொட்டித் தண்ணீர் மாற்றினேன். ஒவ்வொரு வாளியும் புதிதாகக் கார்பனேட்டைக் கொண்டு வந்து கொட்டியது. மூன்றாவது மாதம் தொட்டித் தண்ணீருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் பிஎச்சில் வித்தியாசமே இல்லை. மண்ணில் சத்து மிச்சம் இருந்தது, ஆனால் தண்ணீரை மென்மையாக்கும் வேலைக்காக நான் கொடுத்த காசு கரைந்துவிட்டது. ஆகவே அக்வா சாயில் வேண்டுமென்றால் ஆர்ஓ தண்ணீரோ மழைத் தண்ணீரோ கலந்து கேஎச்சைக் குறைத்து ஊற்றும் வசதி இருக்க வேண்டும். அது இல்லாதவருக்கு மணலும் ரூட் டேப்பும்தான் என் சிபாரிசு. இந்த மண் உருண்டைகள் ஒன்றிரண்டு வருடத்தில் நசுங்கிச் சேறாகவும் ஆரம்பிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக, சொந்த மண். அடியில் மெல்லிய மண் அடுக்கு, மேலே மணல் மூடி. செலவு மிகக் குறைவு, பலன் அதிகம், கெடுத்துக்கொள்ளவும் இதில்தான் வாய்ப்பு அதிகம். குளத்து வண்டல், தோட்டத்துச் செம்மண், இரண்டும் கலந்தது, எல்லாம் ஆகும். செம்மண்ணின் சிவப்பு இரும்பின் நிறம். காற்று குறைந்த அடியில் அந்த இரும்பு வேர் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாறும். யூரியாவும் பூச்சிமருந்தும் விழுந்த வயல் மண் மட்டும் கூடாது.

நர்சரியில் கலந்து விற்கும் தொட்டி மண்ணை அப்படியே போடாதீர்கள். என் முதல் மண் தொட்டி இதில்தான் போனது. நிழலில் நின்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தேனே தவிர, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேட்கவில்லை. அதில் வேப்பம்புண்ணாக்கு இருந்தது. ரோஜாவுக்கு அது மருந்து, மீனுக்கும் இறாலுக்கும் விஷம். தேங்காய் நார்க்கழிவு வேறு மிதந்து மேலே வந்து ஃபில்டரை அடைத்தது. ஐந்து கப்பிகள் ஒரே இரவில் போயின.

ஒரு ஸ்பூன் வினிகர்

எந்த மணலானாலும் கல்லானாலும் தொட்டிக்குள் போகும் முன் இந்தச் சோதனை. உலர்ந்த மணல் கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றி, காதைக் கிட்டே வையுங்கள். நுரைத்தாலோ சிறுசிறு குமிழி தொடர்ந்து வந்தாலோ அதில் சுண்ணாம்போ சிப்பியோ இருக்கிறது. ஊற்றியவுடன் மணலிடுக்கில் இருந்த காற்று வெளியே வருவதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சில நொடியில் நின்றுவிடும். எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும். அலங்காரக் கற்களையும் இப்படியே சோதியுங்கள். கேஎச் ஏற்கெனவே அதிகமுள்ள போர் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ந்தால் வாலிஸ்னேரியா கவலைப்படாது, மற்றவை படும்.

எவ்வளவு வாங்குவது

முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 9 செ.மீ. உயரம் வைத்தால் சராசரி 6. நீளம், அகலம், சராசரி உயரம் மூன்றையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர். 60 × 30 × 6 என்றால் 10.8 லிட்டர். மணல் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும், ஆகவே 17 கிலோ. கழுவும்போது போவதையும் சேர்த்து 20 கிலோ வாங்கிவிடுங்கள். எம்-சாண்ட் என்றால் சலித்துத் தள்ளுவது அதிகம். அதற்கு இரட்டிப்பாக வாங்கலாம், விலையும் பெரிதில்லை.

மண் அடுக்கு வைப்பவருக்குக் கணக்கு வேறு. மண் கண்ணாடி ஓரம் வரை வரக்கூடாது. வெளியே தெரியும், வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். நாலு பக்கமும் 3 செ.மீ. விட்டால் 54 × 24 செ.மீ. பரப்பு. அதில் 2 செ.மீ. உயரத்துக்கு இரண்டரை லிட்டர் சொச்சம் மண் போதும். மேல் மூடிக்கும் ஓரத்துக்கும் எட்டு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக மணல்.

மண்ணை இதைவிடத் தடிமனாகப் போடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று இருக்கும். அவர்கள் தொட்டி 24 டிகிரியில் இருக்கிறது. மே மாதத்தில் நம் தொட்டி 31, 32 தொடும். சூடு ஏற ஏற மண் அழுகும் வேகம் கூடும், தண்ணீர் பிடித்து வைக்கும் ஆக்சிஜன் குறையும். இரண்டு செ.மீ. நமக்கு ஏராளம்.

களைவது

அக்வா சாயிலைக் கழுவவே கூடாது. மூட்டையைப் பிரித்து அப்படியே கொட்ட வேண்டியதுதான். கழுவினால் உருண்டை உடைந்து சேறாகும்.

மணலை அரிசி களைவது போலக் களைய வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று கிலோ மேல் எடுக்காதீர்கள். வாளியில் போட்டு, குழாயை வேகமாகத் திறந்து, கையை அடிவரை விட்டுக் கலக்கி, கலங்கல் தண்ணீரை உடனே சாய்த்துவிட வேண்டும். சாய்க்கத் தாமதித்தால் தூசி மறுபடி அடியில் படிந்துவிடும். ஆற்று மணலுக்கு ஏழெட்டுத் தடவை. எம்-சாண்டுக்கு இருபது தடவை ஆனாலும் ஆச்சரியமில்லை. களைந்த மணலை டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். எதிர்ப்பக்கம் செய்தித்தாளின் எழுத்து தெரிந்தால் போதும். கழுவிய தண்ணீரை வீட்டுச் சாக்கடையில் விடாமல் செடிக்கு ஊற்றுங்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

எம்-சாண்டைக் கழுவும் முன் சலித்தால் பாதி வேலை மிச்சம். ஜன்னலில் அடிக்கும் கொசு வலைத் துண்டு ஒன்று போதும். அதன் கண் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். வலையில் தங்குவதுதான் நமக்கு. அதிலும் மூன்று மி.மீ.க்குப் பெரிய சில்லுகளைக் கையால் பொறுக்கிவிடுங்கள்.

மண்ணைப் பழக்குவது

அக்வா சாயில், வெறும் மணல் ஆட்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

பச்சை மண்ணை நேரே தொட்டியில் போட்டால் அதிலுள்ள மட்காத சருகும் வேரும் தண்ணீருக்குள் அழுகி அம்மோனியாவைக் கக்கும். அதை வெளியிலேயே முடித்துவிட வேண்டும். மண்ணைச் சலித்து, வாளியில் நீர் ஊற்றி ஊறவைத்து, மிதப்பதை எடுத்துவிட்டு, தெளிந்த நீரைச் சாய்த்து, மிச்சத்தை மொட்டைமாடியில் தார்ப்பாய் மேல் விரல் கனத்துக்குப் பரப்பிக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும், மறுபடி காய வேண்டும். இப்படி நாலைந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நுண்ணுயிர்கள் மட்கவேண்டியதை மட்க வைக்கும். வெயில்தான் நமக்குக் குறைவில்லையே. குளிர்நாட்டுக்காரர் வாரக்கணக்கில் செய்வதை நாம் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிக்கலாம். முடிந்ததற்கு அடையாளம் வாசனை. சாக்கடை நாற்றமோ சாண வாசமோ போய், முதல் மழை விழுந்த தரையின் வாசம் மட்டும் மிச்சமிருக்கும்.

வெறும் செம்மண் என்றால் பத்தில் ஒரு பங்கு பழைய மண்புழு உரம் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

விரிப்பது

தொட்டி நிற்கும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் இனி நகர்த்த முடியாது. தண்ணீர், மணல், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து இந்தச் சின்னத் தொட்டியே எண்பது கிலோவைத் தாண்டும். மேசை மட்டமாக இருக்கிறதா பாருங்கள். தொட்டிக்கடியில் அரை அங்குலத் தெர்மகோல் வையுங்கள்.

கனமான கற்களை மணலுக்கு முன்பே வைத்துவிட வேண்டும். மணல்மேல் வைத்த கல்லடியில் மீன் பறித்தால் ஒருநாள் கல் சாய்ந்து கண்ணாடியில் விழும். கல் வைக்கும் இடத்தில் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் வலைத்தட்டு ஒன்றைப் போட்டு அதன்மேல் நிறுத்துங்கள். கட்டை மிதக்கும் வகையானால் கல்லோடு கட்டிவிடுங்கள்.

இப்போது மண் அடுக்கு உண்டென்றால், பிசைந்த சப்பாத்தி மாவு போல ஈரமாக இருக்கும்போது நடுவில் பரப்புங்கள். காய்ந்த மண்ணில் காற்று சிக்கி, பிற்பாடு குமிழியாக வெடித்து மணலைக் கிளறும். ஓரத்தில் விட்ட மூன்று செ.மீ. இடைவெளியை மணலால் நிரப்பிவிட்டு, பிறகு மேல் மூடியைப் போடுங்கள். மூடி மூன்று, நாலு செ.மீ. இருக்கட்டும். மிகப் பெரிய கல்லாக இருந்தால் மண் இடுக்கு வழியாக வெளியேறும், மாவு போல இருந்தால் கீழே மூச்சுமுட்டும். ஒன்று, இரண்டு மி.மீ. மணி என்று மேலே சொன்னது இதற்கும்தான்.

மண் இல்லாதவர் களைந்த மணலை நேரே கொட்டிச் சரிவு கொடுக்கலாம். முன்னால் தாழ்வு, பின்னால் உயரம். மேலிருந்து பார்க்கும்போது அதிகமாகத் தெரியும் சரிவு, முன்னால் உட்கார்ந்து பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆகவே தயங்காமல் ஏற்றுங்கள். ஆனால் வெறும் மணல் சரிவு நிற்காது. ஆறு மாதத்தில் நத்தையும் மீனும் புவியீர்ப்பும் சேர்ந்து மட்டமாக்கிவிடும். இரண்டு வழி இருக்கிறது. குறுக்கே கற்களை வரிசையாகப் புதைத்து வயல் வரப்பு போலத் தடுப்பு கட்டலாம். இல்லாவிட்டால் பின்பக்கத்தில் உடைந்த மண் பூந்தொட்டி ஓடுகளை வலைப்பையில் கட்டி அடியில் போட்டு, மேலே மணலை மூடலாம். சிமென்ட் தொட்டி ஓடு வேண்டாம், அது சுண்ணாம்பு. ஓடு வைத்தால் வாங்க வேண்டிய மணலும் குறையும், அடியில் நீர் புழங்கவும் இடம் கிடைக்கும்.

அடித்தட்டு ஃபில்டர் ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வேர் அதன் கண்களுக்குள் போய்ச் சிக்கும். மண் அடுக்கு இருந்தால் அதையே உறிஞ்சித் தண்ணீரில் கக்கும். வெளியே தொங்கும் ஃபில்டரோ ஸ்பாஞ்ச் ஃபில்டரோ போதும்.

நடுவதும் நீர் விடுவதும்

முழுத் தொட்டியை நிரப்பிவிட்டுக் கையை முழங்கை வரை விட்டு நடுவது வீண் வேலை. மணல் நனைந்து அதற்கு மேல் ஒரு விரல் தண்ணீர் நிற்கும் அளவுக்கு மட்டும் விட்டு நடுங்கள். தட்டின்மேல், அல்லது விரித்த பிளாஸ்டிக் கவரின்மேல் தண்ணீரை மெல்ல விட்டால் மணல் குழியாது. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை மறக்க வேண்டாம்.

கடைச் செடியின் வேரில் பஞ்சு போன்ற ராக்வூல் இருந்தால் பொறுமையாகப் பிரித்தெடுங்கள். நீண்ட வேரை மூன்று செ.மீ. விட்டு வெட்டலாம், புது வேர் சீக்கிரம் வரும். நீள இடுக்கியால் வேரைப் பிடித்துச் சாய்வாகக் குத்தி, இடுக்கியை லேசாக விரித்து ஆட்டியபடி வெளியே எடுத்தால் செடி நின்றுவிடும். கிரிப்ட், சுவார்ட் செடிகளுக்கு வேரும் தண்டும் சேரும் கழுத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும். கிழங்கு வகையைப் பாதி மட்டும் புதையுங்கள். முதல் நாளே நெருக்கமாக, நிறைய நடுங்கள். காலியிடம் விட்டால் பாசி அங்கே குடியேறும். வேகமாக வளரும் ஹைக்ரோஃபிலா, மேலே மிதக்கும் செடி கொஞ்சம், இரண்டையும் தற்காலிகமாகவாவது போட்டு வையுங்கள். அவை அம்மோனியாவைக் குடிக்கும்.

முதல் ஆறு வாரம்

மீன் விட அவசரப்படாதீர்கள். அக்வா சாயிலும் மண் அடுக்கும் ஆரம்ப வாரங்களில் அம்மோனியா விடும். அதே அளவு அம்மோனியா எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி கொல்லாது. 30 டிகிரியில் பிஎச் 7 என்றால் அதில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் விஷ வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 ஆனால் நூற்றுக்கு ஏழு பங்கைத் தாண்டும். நம் சூடும் நம் போர் தண்ணீரும் சேர்ந்தால் ஆபத்துக் கூடுதல் என்பதற்கு இதுதான் கணக்கு.

முதல் வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றுங்கள். அடுத்த வாரம் இரண்டு தடவை, பிறகு வாரம் ஒரு தடவை. அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் கிட்டில் பூஜ்யம் காட்டி, தொடர்ந்து ஒரு வாரம் அப்படியே இருந்தால் மீன் விடலாம். நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். வெறும் மணல் தொட்டியில் அம்மோனியா வர மூலமே இல்லை. அங்கே தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். ஏற்கெனவே ஓடும் தொட்டியின் ஸ்பாஞ்ச் துண்டு கிடைத்தால் காலம் பாதியாகும்.

இந்த நேரத்தில் கிரிப்ட் இலைகள் எல்லாம் கரைந்து கஞ்சியாகிப் போகலாம். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். இடம் மாறினால் அது அப்படித்தான் செய்யும். வேர் உயிரோடு இருக்கும், மூன்று வாரத்தில் புது இலை வரும். மணல்மேல் பழுப்பாகப் படியும் பாசியும் ஆரம்பத் தொல்லைதான், துடைத்துக்கொண்டே இருந்தால் போய்விடும்.

அப்புறம்

மணல் தொட்டிக்கு ரூட் டேப் முதல் மாதம் முடிந்ததும் வைக்க ஆரம்பியுங்கள். பதினைந்து செ.மீ.க்கு ஒன்று, பெரிய சுவார்ட் செடிக்குத் தனியாக இரண்டு, அடிவரை குத்தி இறக்க வேண்டும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி. கடையில் வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். நான் விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் பூச்சில்லாத களிமண்ணில் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்வேன். கோலிக்குண்டு அளவு உருண்டை, நடுவில் மெல்லக் கரையும் பூச்செடி உரத்தின் இரண்டு மணி, நிழலில் நன்றாகக் காயவைத்தால் முடிந்தது. உரத்தின் பெயரில் ஆசைப்பட்டு ஐந்தாறு மணி வைத்தால் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

அடிமண்ணிலிருந்து குமிழி வந்தால் பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் கெடுதல் இல்லாத வாயுக்கள். கண்ணாடியோரம் கறுத்த திட்டு தெரிவதும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கறைதான். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மட்டும் கவனியுங்கள். அந்த இடத்தில் ஒரு மெல்லிய குச்சியை வாரம் ஒருமுறை குத்தி எடுங்கள். ஒரே நாளில் முழுவதையும் கிளற வேண்டாம். மலேசிய ஊதுகுழல் நத்தை என்ற சின்ன நத்தை மணலுக்குள்ளேயே புதைந்து திரியும், இந்த வேலையை நமக்காக அது செய்யும். தீனி அதிகம் போட்டால் நூற்றுக்கணக்கில் பெருகுமே என்பார்கள். உண்மைதான், அப்போது குறைக்க வேண்டியது தீனியை.

சுத்தம் செய்யும் குழாயைச் செடி இருக்கும் மணலுக்குள் குத்தாதீர்கள். மேற்பரப்புக்கு ஒரு விரல் மேலே பிடித்து ஆட்டினால் லேசான கழிவு மட்டும் எழுந்து குழாயில் போகும். மண் அடுக்கு உள்ள தொட்டியில் பெரிய செடியை வேரோடு பிடுங்கினால் அடிமண் மேலே வந்து இரண்டு நாள் கலங்கும். அதற்குப் பதில் கத்தரிக்கோலால் கழுத்தோடு வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடுங்கள். பிடுங்கியே தீர வேண்டுமென்றால், சுற்றிலும் வேரைக் கத்தியால் அறுத்துவிட்டு மெல்ல மெல்லத் தூக்குங்கள், பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் குழாயைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.